மண்ணடுக்கும் சொல்லடுக்கும்



ஊர் பார்த்துத் திரும்புவது ஒருவகைப் பயணம். ஓரூரில் தங்கி, அவ்வூரார் மொழியைக் கற்று, அவர்தம் மண்ணைப் படிப்பது மற்றொரு வகை. இரண்டாம் வகைப் பயணத்தையே தம் கல்விப்பணியாக ஆக்கிக்கொண்டவர் தொல்லியல் பேராசிரியர் ஜான் மிக்சிக்.

அமெரிக்கரான அவர், 1960களின் இறுதியில் தொண்டூழியராகக் கெடாவுக்கு வந்தார். தமிழ் மெய்க்கீர்த்திகள் கடாரம் எனச் சுட்டும் நிலம் அது. பின்னர்க் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் பயின்று, வடகிழக்குச் சுமத்திராவின் தொல்லியலை ஆராய்ந்து 1979இல் முனைவர் பட்டம் பெற்றார். யோக்யகர்த்தாவின் காஜா மாடா பல்கலைக்கழகத்தில் கற்பித்துவந்த காலத்தில், 1984 சனவரியில், சிங்கப்பூரின் ஃபோர்ட் கேனிங் குன்றில் அகழாய்வு நடத்தினார். 1987 முதல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார்.

இந்நகரின் வரலாறு 1819இல் தொடங்குவதாகவே பலரும் எண்ணியிருந்தனர். குன்றின் மண்ணோ, பதினான்காம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகளையும் உள்ளூர் மட்கல ஓடுகளையும் கண்ணாடி மணிகளையும் வெளிப்படுத்திற்று. ‘செஜாரா மெலாயு’ கூறும் பழந்துறைமுகம் வெறுங்கதையன்று என்பதற்கு அவை சான்றாயின. இவ்வாய்வுகளைத் தொகுத்து அவர் 2013இல் வெளியிட்ட நூல், 2018இல் முதலாவது சிங்கப்பூர் வரலாற்றுப் பரிசைப் பெற்றது.

மொழியியலாருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஓட்டுத்துண்டு எந்த அடுக்கில், எவற்றோடு கிடந்தது என்பதை அறிந்தாலன்றி அதன் பொருள் விளங்காது. சொல்லும் அத்தகையதே. கடை, கப்பல், கட்டில் ஆகிய நம் சொற்கள் மலாயில் கெடாய், காப்பால், காத்தில் என வழங்குகின்றன. இவை அரண்மனைச் சொற்கள் அல்ல. துறைமுகத்திலும் அங்காடியிலும் இல்லத்திலும் புழங்கியவை. சுமத்திராவின் லோபு துவாவில் கிடைத்த, 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவையே பேசுகிறது. மிக்சிக் ஆராய்ந்த கோத்தா சீனாவில் தென்னிந்தியப் பாணியிலமைந்த சிலைகளும், சீனக் கலங்களும் ஒருங்கே கிடைத்துள்ளன.

கடல்கடந்த தமிழ் என்றதும் படையெடுப்பைப் பேசவே நாம் பழகிவிட்டோம். மண்ணும் சொல்லும் காட்டுவதோ, பன்னாட்டு வணிகர் அடுத்தடுத்து வாழ்ந்த துறைமுகங்களை. ஃபோர்ட் கேனிங்கின் அயல்நாட்டுக் கலங்களில் மிகுதியானவை சீனத்தவை. அதனை அவ்வாறே மாணவர்க்குச் சொல்வதால் தமிழுக்கு இழுக்கில்லை. சான்றுக்கு மேற்பட்ட பெருமையைக் கற்பித்தால், சான்றுள்ள பெருமையையும் இளையோர் ஐயுறுவர்.

ஆசிரியர்களே, கடாரத்தைப் பாடநூலில் படித்த மாணவரைப் பூஜாங் பள்ளத்தாக்கிற்கும் ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். மாணவர்களே, செல்லுமிடத்து மக்களின் மொழியில் நான்கு சொற்களேனும் கற்றுத் திரும்புங்கள். அவற்றுள் ஒன்று நம் சொல்லாகவே இருக்கக்கூடும். அது அங்கு எவ்வாறு சென்றது என்று கேட்கத் தொடங்கும்போது உங்கள் ஆய்வும் தொடங்கிவிடும்.