கேட்டதெல்லாம் சாட்சியமாகுமா?

(வலிகாமத்தில் வாசிகசாலையொன்றின் ஆண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரை)



"செய்தியும் பொதுமக்களும்" என்ற பொருள்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். விசித்திரமான செய்தியொன்று ஊருக்குள் வந்தால் நாம் என்ன செய்கிறோம் என்பதையே இன்று ஆராய விரும்புகிறேன். முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன்.

2011ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். மர்ம மனிதன் என்றும், கிறீஸ் பூதம் என்றும் நாடெங்கும் ஒரே பேச்சு. உடம்பெல்லாம் கிறீஸ் பூசிய ஒருவன் இருளில் வந்து பெண்களைத் தாக்கிவிட்டு ஓடுகிறானாம். பிடித்தால் கைக்குள் அகப்படாது வழுக்குகிறானாம். ஓரிரவு உறவினர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "பக்கத்து ஊருக்கும் வந்துவிட்டான்" என்றார். நான் உடனே மூவரை அழைத்து அதையே சொன்னேன். மறுநாட் காலை நீதிமன்றத்தில், எதிர்த்தரப்புச் சாட்சி "அயலவர் சொல்லக் கேட்டேன்" என்றபோது, துள்ளி எழுந்து ஆட்சேபித்தேன். ஆசனத்தில் அமர்ந்த பின்னரே எனக்கு வெட்கம் பிறந்தது. மன்றிலே நான் ஏற்க மறுத்த சாட்சியத்தை, முதல் நாளிரவு நானே மூன்று வீடுகளுக்குக் கொண்டுசென்று கொடுத்திருக்கிறேன்!

அன்பர்களே! இந்நாட்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டிலே பிறந்தது. வாய்மொழிச் சாட்சியம் நேரடியானதாயிருத்தல் வேண்டும் என்று அதன் 60ஆம் பிரிவு கூறுகிறது. கண்டதைக் கண்டவரே சொல்லவேண்டும்; கேட்டதைக் கேட்டவரே சொல்லவேண்டும். ஒரு பரப்புக் காணி வழக்குக்கு இவ்வளவு கண்டிப்பு. மனித உயிருக்கோ எக்கண்டிப்பும் இல்லை!

அந்த ஆகஸ்டில் நடந்தது என்ன? மலைநாட்டிலே, அப்புத்தளைப் பகுதித் தோட்டமொன்றில், மர்ம மனிதர்கள் என்ற ஐயத்தின்மேல் இருவர் கொல்லப்பட்டனர். புத்தளத்தில் கூட்டத்தின் ஆவேசத்துக்குப் பொலிஸ்காரர் ஒருவர் பலியானார். கிண்ணியாவிலே மக்கள் கடற்படை முகாமைச் சூழ்ந்து நின்றனர். நமது நாவாந்துறையிலோ, கூடிநின்று கேள்வி கேட்ட ஊர்மீது இரவோடிரவாகப் படையினர் பாய்ந்தனர். நூற்றுக்கு மேற்பட்ட ஆடவர் அடிக்கப்பட்டுக் கைதுசெய்யப்பட்டனர்.

"அறியாத சனங்கள், மூடநம்பிக்கை" என்று கொழும்பிலே சிலர் நகைத்தார்கள். அந்த நகைப்பை நான் ஏற்கமாட்டேன். போர் முடிந்து இரண்டே ஆண்டுகள். ஆண் துணையற்ற வீடுகள் எத்தனை! கதவுக்குத் தாழ்ப்பாளுமில்லாத தகரக் கொட்டில்கள் எத்தனை! ஓடியவன் முகாமுக்குள் நுழைந்தான் என்று பல ஊர்களில் மக்கள் கூறினர், படைத்தரப்பு மறுத்தது. முறைப்பாட்டை எழுதி, பகிரங்கமாக விசாரித்து, முடிவை மக்களுக்கு அறிவித்திருந்தால் பீதி தணிந்திருக்கும். கேட்டவனை அடித்ததனால் பீதி இரட்டித்தது. நம்பிக்கைக்குரிய விசாரணை இல்லாத நாட்டிலே வதந்தியே விசாரணையாகிவிடுகிறது. இது மக்களின் மடமை மட்டுமன்று, ஆட்சியின் தோல்வியுமாகும்.

ஆயினும் நீதி இரு பக்கமும் பார்க்கவேண்டும். அவசரகாலச் சட்டத்தை நீடிக்கவே அரசாங்கம் இந்தப் பூதத்தை ஏவியது என்று நம்மிற் பலர் அன்று உறுதியாகப் பேசினோம். அச்சட்டமோ அந்த மாத இறுதியிலேயே காலாவதியாயிற்று. நாம் சொன்னதற்கு நம்மிடம் என்ன சான்று இருந்தது? பூதக் கதை செவிவழிச் செய்தியென்றால், நமது கதையும் செவிவழிச் செய்தியே.

வதந்தியின் விலை என்னவென்று தமிழனுக்கு வேறொருவர் படிப்பிக்கத் தேவையில்லை. 1958இல், மட்டக்களப்பிலே சிங்கள ஆசிரியை ஒருத்தி கோரமாகக் கொல்லப்பட்டாளென்ற கதை பாணந்துறையிற் பரவிற்று. அங்கே கோவில் குருக்கள் உயிரோடு எரிக்கப்பட்டார். அப்படி ஓர் ஆசிரியையே இருந்ததில்லை என்று பின்னர் தெரியவந்ததை, சிங்களப் பத்திரிகையாளரான தாசி வித்தாச்சியே தமது நூலில் எழுதிவைத்தார். 1983 ஜூலை 29ஆந் தேதி, "கொழும்புக்குள் புலிகள் வந்துவிட்டார்கள்" என்ற ஒரு சொல், ஓய்ந்துவந்த கொலைவெறியை மீண்டும் மூட்டிற்று.

2018 பெப்ரவரியில் அம்பாறையிலே நடந்தது இன்னும் விசித்திரம். முஸ்லிம் ஒருவரின் உணவுக்கடையிற் கறிக்குள் ஒரு கட்டி கிடந்தது. அது கருத்தடை மாத்திரை என்றார்கள். சிங்களம் சரிவர விளங்காத கடைக்காரர், சூழ்ந்துநின்ற கூட்டத்துக்கு அஞ்சித் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பே குற்ற ஒப்புதலாக நாடெங்கும் படமாய் ஓடிற்று. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. கட்டியைப் பரிசோதித்த அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் கண்டது வெறும் மாவையே! ஒரு வேளை உணவிற் கலந்து மனிதரை மலடாக்கும் மாத்திரை உலகிலேயே இல்லை. அந்த உண்மை வந்து சேர்வதற்குள் நெருப்பு தன் வேலையை முடித்துவிட்டது.

பள்ளிவாசல் எரிந்தபோது நம்மிற் சிலர், "அது அவர்கள் பாடு" என்றிருந்தார்கள். தோழர்களே, பாணந்துறைக் குருக்களை நினைத்து அழும் உரிமை நமக்கு வேண்டுமாயின், அம்பாறைக் கடைக்காரருக்காகப் பேசும் கடமையும் நமக்கு உண்டு.

இனி இளைஞர்களுக்குச் சட்டம் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் கண்முன்னே பாரதூரமான குற்றம் புரிபவனை நீங்களே பிடிக்கலாம். 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் அதற்கு இடந்தருகிறது. ஆனால் பிடித்தவனைத் தாமதமின்றிப் பொலிசாரிடம் ஒப்படைக்க வேண்டும். கட்டிவைத்து அடிக்கும் அதிகாரம் எவருக்கும் இல்லை. சட்டவிரோதக் கூட்டத்தின் பொதுநோக்கத்துக்காகக் கொலை நடந்தால், அடித்தவன் மட்டுமல்ல, அந்நோக்கத்தோடு கூடநின்றவனும் குற்றவாளி. "நான் தொடவேயில்லை" என்ற சமாதானம் மன்றில் நில்லாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த வாசிகசாலை ஊரின் காதாக இருந்துவருகிறது. இனி ஊரின் நீதிமன்றமாகவும் இருக்கட்டும். கலவரமூட்டும் செய்தி வந்தால், "யார் கண்டது? எங்கே? எப்போது?" என்று இங்கே கேளுங்கள். கண்டவர் இருப்பின் அவரை அழைத்து, அவர் சொல்வதை எழுதிக் கையொப்பம் பெற்று, முறைப்பாடு செய்யுங்கள். பொலிசார் ஏற்க மறுத்தால் எங்களிடம் வாருங்கள். சட்டத்தரணிகள் நாம் கட்டணமின்றி வாதாடுவோம். கண்டவர் எவருமில்லையேல், அச்செய்தி உங்கள் வாசலோடு நிற்கட்டும்.

அன்றிரவு நான் அழைத்த மூவரும் எத்தனை பேரை அழைத்தார்களோ, அறியேன். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே: "நீர் கண்டீரா?" அதை நான் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.