வாழையிலை கற்றுத் தந்த பாடம்

"வடிவமைப்புக்குப் போகிறேன், ஃபோட்டோஷாப் படிக்கவா, இல்லஸ்ட்ரேட்டர் படிக்கவா?" என்று இளம் நேயர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். எது சிறந்தது என்றால் என்னிடம் பதில் இல்லை. எந்த வேலைக்கு எது என்றால் உண்டு. அதையும் நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

தொடர்புத்துறையில் டிப்ளோமா படித்த காலம். கிள்ளானில் என் தாய்மாமா சாப்பாட்டுக் கடை திறந்தார். "படிக்கிற பிள்ளை வீட்டில் இருக்க, வெளியில் ஏன் காசு கொடுக்கணும்?" என்று சின்னம் வரையும் வேலை எனக்கு வந்தது. ஃபோட்டோஷாப்பில் இரண்டு இரவு உட்கார்ந்து ஒரு வாழையிலை வரைந்தேன். திரையில் அத்தனை அழகு! பெயர்ப்பலகை வந்து இறங்கியபோது இலையின் ஓரமெல்லாம் படிக்கட்டு. மாமா வாய் திறக்கவில்லை. அத்தைதான், "ஏம்மா, இலையைப் பூச்சி அரிச்சிடுச்சா?" என்றார். மறுநாள் திறப்புவிழா.

கணக்கு எளிது. ஃபோட்டோஷாப் படத்தைச் சிறுசிறு வண்ணக் கட்டங்களாக வைத்துக்கொள்கிறது. அவைதான் பிக்சல். நான் வரைந்த படத்தின் அகலம் 600 பிக்சல். பலகையில் அது 4 அடி, அதாவது 48 அங்குலம். அங்குலத்துக்குப் பன்னிரண்டரைக் கட்டம்தான் தேறும். கையில் பிடித்துப் பார்க்கும் அச்சுக்கு 300 வேண்டும் என்பார்கள். தூரத்துப் பலகைக்கு 100 இருந்தால்கூட ஒப்பேற்றலாம். பன்னிரண்டை வைத்து என்ன செய்வது?

இல்லஸ்ட்ரேட்டர், கோரல்டிரா போன்ற வெக்டர் மென்பொருள்கள் நம் அம்மாக்கள் கோலம் போடுவதைப் போல. வாசலுக்கும் அதே கோலம், மண்டபத்துக்கும் அதே கோலம். கோடு எங்கே தொடங்கி எப்படி வளைகிறது என்ற வழி தெரியும். அளவுக்கேற்ப மறுபடி இழுக்கிறார்கள். அதனால் எத்தனை அடி ஆனாலும் ஓரம் பிசிறுவதில்லை.

அதற்காக எல்லாவற்றையும் வெக்டரில் செய்ய வேண்டாம். கல்யாணப் புகைப்படத்தில் மணப்பெண்ணின் முகத்தில் விழும் ஒளியைக் கோடுகளால் பிடிக்க முடியாது. அது பிக்சலின் ராஜ்யம். கல்யாணப் பத்திரிகை என்றால் இரண்டும் வேண்டும்: படத்தை ஃபோட்டோஷாப்பில் திருத்தி, எழுத்தையும் அலங்காரத்தையும் வெக்டரில் அமைப்பது நல்லது.

இங்கே ஓர் ஏமாற்றம் உண்டு. ஜேபெக் படத்தை இல்லஸ்ட்ரேட்டருக்குள் வைத்து பிடிஎஃப் ஆகச் சேமித்துவிட்டு, "வெக்டர் ஆகிவிட்டது" என்பார்கள். ஆகாது. உள்ளே இருப்பது அதே கட்டங்கள்தான்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று. அச்சகத்தில் நம் எழுத்துரு இல்லாவிட்டால் கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் என்று எழுத்துகள் சிதறிவிடும். அதனால் கொடுக்கும் முன் எழுத்துகளைக் கோட்டு வடிவமாக மாற்றிவிடுங்கள். மாற்றியபின் எழுத்துப் பிழையைத் தட்டச்சு செய்து திருத்த முடியாது. ஒற்று விட்டுப்போகாமல் முதலிலேயே படித்துப் பார்த்து, மாற்றாத பிரதி ஒன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

மென்பொருள் விலையை நினைத்துத் தயங்க வேண்டியதில்லை. வெக்டருக்கு இங்க்ஸ்கேப், பிக்சலுக்கு ஜிம்ப், இரண்டும் இலவசம்.

திறப்புவிழாவில் அந்தப் பூச்சி அரித்த இலைதான் தொங்கியது. பிறகு ஒரு வாரம் உட்கார்ந்து வெக்டரில் மறுபடி வரைந்தேன். இப்போது மாமாவின் பில் புத்தகத்தில் விரல்நுனி அளவிலும் வேன் கதவில் 3 அடியிலும் இருப்பது அந்த ஒரே கோப்புதான். பழைய பலகை கடையின் பின்கட்டில் வெயிலுக்கு மறைப்பாக நிற்கிறது. போகும்போதெல்லாம் அத்தை அதைக் காட்டத் தவறுவதில்லை.