பந்தயம் நின்றது; காணி யாருக்கு?

(கமக்காரரும் சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



மோட்டார்ப் பந்தயத்தைப் பற்றிப் பேசுவதற்கு இந்த அவையில் என்ன அவசியம் நேர்ந்தது என்று உங்களுட் பலர் வியக்கக்கூடும். தோட்டத்துக்கு இறைக்க வேண்டிய நேரத்தை விட்டு இங்கு வந்திருக்கும் கமக்காரருக்கு, மணிக்கு முந்நூறு கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டியினால் ஆவதென்ன? ஒன்றுமில்லை. ஆனால் அந்த வண்டி ஓடிய நிலம் ஒரு காலத்தில் உழவர் நிலமாக இருந்தது. அந்த உழவரிடமிருந்து நிலம் எடுக்கப்பட்ட முறையோ, நமது காணிகளை எடுப்பதற்கு இங்கே கைக்கொள்ளப்படும் முறையின் உடன்பிறப்பு. ஆகவேதான் அயல்நாட்டுச் செய்தியொன்றை உங்கள் முன் வைக்கத் துணிந்தேன்.

இந்தியாவில் உத்தரப் பிரதேசத்தில், டெல்லிக்குத் தென்கிழக்கே கௌதம புத்த நகர் என்றொரு மாவட்டம் உண்டு. அங்கே 875 ஏக்கர் பரப்பில் ஒரு பந்தயத் தடம் அமைந்திருக்கிறது. நமது கணக்கிற் சொன்னால் 14,000 பரப்பு. தடத்தின் நீளம் 5.125 கிலோமீற்றர், வளைவுகள் 16. வரைந்தவர் ஜெர்மனியரான ஹெர்மன் டில்கே. அதற்குச் சூட்டிய பெயர் புத்தர் பெயர். ஆசையே துன்பத்துக்குக் காரணம் என்று போதித்துக் கால்நடையாகவே ஊர் ஊராகச் சென்ற மகானின் திருநாமத்தை, உலகத்தின் அதிவேக வண்டிகள் ஓடும் பாதைக்குச் சூட்டுவதற்கு ஒரு தனித் துணிவு வேண்டும்.

2011 ஒக்டோபர் 30ஆந் திகதி அங்கே முதலாவது போர்முலா வன் பந்தயம் நடைபெற்றது. செபஸ்தியான் வெட்டல் என்னும் ஜெர்மனிய வீரர் அவ்வாண்டும், அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் வென்றார். 2013 ஒக்டோபர் 27ஆந் திகதி தமது நான்காவது உலகப் பட்டத்தையும் அங்கேயே உறுதிப்படுத்திக் கொண்டார். அத்துடன் இந்தியாவில் அந்தப் பந்தயம் முடிந்தது. மூன்று ஆண்டுகளில் மூன்றே நாட்கள்! அதன்பின் 2023 செப்டெம்பரில் உலக மோட்டார்ச் சைக்கிள் பந்தயம் ஒருமுறை வந்து போயிற்று. அடுத்த ஆண்டு நடக்குமென்றார்கள், நடக்கவில்லை.

நின்றதேன்? வரிச்சண்டை என்பர். மாநில அரசாங்கம் கேளிக்கை வரியிலிருந்து பந்தயத்துக்கு விலக்களித்தது. அதை எதிர்த்து வழக்குப் போடப்பட்டது. நுழைவுச்சீட்டுப் பணத்தில் நூற்றுக்கு 25 பங்கைத் தனிக் கணக்கில் வைக்குமாறு உச்ச நீதிமன்றம் 2011இலேயே கட்டளையிட்டது. மத்திய அரசாங்கமோ இது விளையாட்டன்று, கேளிக்கையே என்று கூறிச் சுங்கவரிச் சலுகையை மறுத்தது. பந்தயத்தை நடத்தும் உரிமைக்காக உள்ளூர்க் கம்பனி அந்நியக் கம்பனிக்குச் செலுத்த ஒப்பிய தொகை 4 கோடி டொலர். அந்த வருமானத்துக்கு இந்தியாவில் வரி உண்டா இல்லையா என்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, வரி உண்டென்று 2017 ஏப்பிரல் 24ஆந் திகதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்தபோது, அந்தத் தடத்தில் போர்முலா வன் வண்டி ஓடி மூன்றரை வருடங்கள் கழிந்திருந்தன.

நிற்க. வரியின் கதையைப் பத்திரிகைகள் வேண்டிய மட்டும் எழுதிவிட்டன. நான் சொல்ல வந்தது காணியின் கதை.

டெல்லிப் புறநகரிலிருந்து ஆக்ரா வரை யமுனை நெடுஞ்சாலை என்று 165 கிலோமீற்றர் நீளமான வீதியொன்று அமைக்கப்பட்டு 2012 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. ஜேபீ குழுமம் என்னும் தனியார் நிறுவனம் அதனைக் கட்டிற்று. கைம்மாறாக 36 ஆண்டுகள் சுங்கம் அறவிடும் உரிமையும், வீதியோரமாக ஐந்து இடங்களில் ஏறக்குறைய 2,500 ஹெக்டேயர் காணியும் அதற்குத் தரப்பட்டன. இது போதாதென்று விளையாட்டு நகரம் என்ற பெயரில் மேலும் 1,000 ஹெக்டேயர் அதே குழுமத்தின் இன்னொரு கம்பனிக்கு ஒதுக்கப்பட்டது. பந்தயத் தடம் அதற்குள் அடங்கியது. தடத்தைச் சுற்றி மாடிவீடுகள் கட்டி விற்பதே உண்மையான வியாபாரம். பந்தயம் அதற்கு அடித்த பறை.

இத்தனை காணி அரசாங்கத்துக்கு எங்கிருந்து வந்தது? 1894ஆம் ஆண்டில் வெள்ளையர் இயற்றிய காணி எடுத்தற் சட்டத்தினால் வந்தது. காணி பொதுத்தேவைக்கு வேண்டுமென அரசாங்கம் பிரகடனஞ் செய்தால், அந்தப் பிரகடனமே முடிவான சான்று என்பது அச்சட்டம். அதிலே 17ஆம் பிரிவென்று ஒன்றுண்டு. அவசரமென்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால், உழவனின் ஆட்சேபத்தைக் கேட்கவே வேண்டியதில்லை. தீயணைக்கவும் வெள்ளந் தடுக்கவும் ஆக்கிய பிரிவை, வீட்டுமனை வியாபாரத்துக்கு வழி திறக்கப் பயன்படுத்தினார்கள். அதே மாவட்டத்து மகோரா என்னுங் கிராமத்துக் காணி சம்பந்தமான வழக்கில், அவசரப் பிரிவை இவ்வாறு பிரயோகித்து மக்களின் வாயை அடைத்தது செல்லாதென்று 2011 ஏப்பிரலில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஜூலையில் இன்னொரு கிராமத்துக் காணியையும் அதே காரணத்தினால் மீட்டுக் கொடுத்தது.

நீதிமன்றத்துக்குப் போனவர்கள் சிலர். வயலில் நின்றவர்கள் பலர். 2011 மே 7ஆந் திகதி பட்டா, பர்சோல் என்னும் இரு கிராமங்களில் பொலிசாருக்கும் உழவருக்கும் மோதல் மூண்டது. பொலிசார் இருவரும் கிராமத்தார் இருவரும் மாண்டனர். வீதி கட்டிய அமைச்சரோ, ஒப்பந்தம் எழுதிய அதிகாரியோ, இலாபங் கண்ட முதலாளியோ அந்த நால்வருள் ஒருவருமில்லை. அன்று சிந்திய இரத்தம் காயுமுன்னே, ஆறு மாதங்களுக்குள், அதே மாவட்டத்தில் கொடியசைத்துப் பந்தயத்தைத் தொடக்கினார்கள்.

நான் பந்தயத்துக்குப் பகைவனல்லன். வண்டியை வளைவிலே திருப்பும் வீரனின் திறமை திறமைதான். ஆனால் பந்தயத்துக்கு விளைநிலம் வேண்டுமென்பது எந்த விதி? சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகயுத்தம் முடிந்து வெறுமையாய்க் கிடந்த பழைய விமான ஓடுபாதையிற் பல்லாண்டுகள் பந்தயம் நடந்தது. நம்மவரிற் சிலர் கடல் கடந்து போய்ப் பார்த்ததுமுண்டு. நமது நாட்டில் களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தையிலும் யுத்தகால விமானத்தளத்திலேதான் வண்டிகள் ஓடின. யாரையும் எழுப்பிவிட்டு அந்த இடங்களைப் பந்தயத்துக்காகப் பறிக்கவில்லை.

இனி அந்தப் புத்தர் தடத்தின் வருங்காலத்துக்கு வருவோம். கம்பனி தவணைப் பணத்தைச் செலுத்தவில்லை என்று, யமுனை நெடுஞ்சாலை அதிகாரசபை 2020 பெப்ரவரியில் 1,000 ஹெக்டேயர் ஒதுக்கீட்டை இரத்துச் செய்தது. அது சரியே என்று 2025 மார்ச்சில் அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதற்கிடையில், தாய்க் கம்பனி கடன் இறுக்க முடியாமல் 2024 ஜூனில் நொடிப்பு நடவடிக்கைக்கு உட்பட்டது. 2025 நவம்பரில் கடன் கொடுத்தோர் குழு, அதனைப் பொறுப்பேற்க அதானி நிறுவனம் கொடுத்த திட்டத்துக்கு வாக்களித்தது. அயலிலே ஜேவர் என்னுமிடத்திற் பெரிய விமான நிலையத்துக்கு 2021இல் அடிக்கல் நாட்டிய நாள் முதலாக, அந்த மண்ணின் விலை ஏறிய ஏற்றம் உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும். பந்தயம் மறுபடி வருமா, தடத்தைப் பெயர்த்து மனைகளாக்குவார்களா என்று விவாதம் நடக்கிறது.

அந்த விவாதத்தில் யார் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். அதிகாரசபை இருக்கிறது. வங்கிகள் இருக்கின்றன. வாங்க வந்த பெருமுதலாளி இருக்கிறார். முற்பணங் கொடுத்து வீடு கிடையாமல் ஏமாந்தவர்களும் இருக்கிறார்கள்; அவர்களையும் கடன் கொடுத்தவராகவே கொள்ள வேண்டுமென 2018இல் நொடிப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். அது நியாயமான திருத்தம். ஆனால் அந்த வீட்டுக்கும் அந்தத் தடத்துக்கும் அடியிலே கிடக்கும் மண்ணுக்கு உரித்தாளியாயிருந்த உழவனுக்கு அங்கே ஓர் ஆசனம் வகுக்கப்படவில்லை. நட்டஈடு வாங்கிவிட்டாயே, உனக்கென்ன வேலை என்கிறார்கள்.

அந்த நட்டஈட்டின் கதையையுங் கேளுங்கள். அலகாபாத் உயர் நீதிமன்றம் 2011 ஒக்டோபரில் அயலூர் உழவர் தொடுத்த வழக்குகளில், கொடுத்த தொகைக்கு மேலே நூற்றுக்கு 64.7 வீதம் கூட்டிக் கொடுக்குமாறு கட்டளையிட்டது. யமுனை நெடுஞ்சாலைப் பகுதி உழவருக்கும் அவ்வாறே கொடுக்கலாமென 2014இல் மாநில அரசாங்கம் ஆணை பிறப்பித்தது. காணி பெற்றிருந்த கம்பனிகளும் கல்வி நிறுவனங்களும் அந்தச் சுமையை ஏற்க மறுத்து வழக்காடின. 2020இல் உயர் நீதிமன்றம் ஆணையைத் தள்ளிற்று. 2022 மேயில் உச்ச நீதிமன்றம் அதனை மீண்டும் நிலைநிறுத்தியது. தனது சொந்த மண்ணின் நியாய விலையைப் பெறுவதற்கு ஓர் உழவன் பதினோராண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தப் போராட்டங்களின் பயனாக, இந்தியா 1894ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி 2013இற் புதுச்சட்டம் செய்தது. தனியார் கம்பனிக்குக் காணி எடுப்பதாயின் பாதிக்கப்படுங் குடும்பங்களில் நூற்றுக்கு 80 பேரின் சம்மதம் வேண்டும். ஐந்தாண்டு பயன்படுத்தாமற் கிடந்தால் காணி பழைய சொந்தக்காரருக்கோ அரசாங்கக் காணி வங்கிக்கோ திரும்ப வேண்டும். அந்த 'ஓ' என்னும் ஓரெழுத்திலே அதிகாரி தப்பிக்கொள்ள இடமுண்டு. பழைய சட்டத்தின் கீழ் எடுத்த காணிக்கு இந்தப் பிரிவு எட்டவும் மாட்டாது. எனினும் ஒரு வாசல் திறந்தது.

நமது நாட்டிலோ? 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம் இருக்கிறது. அதன் 5ஆம் பிரிவிலும் அமைச்சரின் பிரகடனமே முடிவான சான்று. 38ஆம் பிரிவின் காப்புவாசகத்திலும் அதே அவசரம். ஒரே தாய் பெற்ற பிள்ளைகளென்று நான் சொன்னது இதனாலேதான். 39அ என்னும் பிரிவின்படி, எடுத்த காணியை அமைச்சர் திருப்பிக் கொடுக்கலாம். எப்போது? நட்டஈடு கொடுக்கப்படாதிருந்தால்; பொதுத்தேவைக்குப் பயன்படுத்தப்படாதிருந்தால்; அபிவிருத்தி ஏதுஞ் செய்யப்படாதிருந்தால்; உரியவர் எழுத்திலே சம்மதித்தால். ஒரு சுவரைக் கட்டிவிட்டுத் திருப்பித்தர முடியாதென்று வாதிக்க எவ்வளவு வசதி! ஆயினும் 1993ஆம் ஆண்டு டி சில்வா எதிர் அத்துக்கோரள என்ற வழக்கில், இந்த அதிகாரம் அமைச்சரின் விருப்பு வெறுப்புக்கு உரியதன்று, பொதுமக்களுக்காக நம்பிக்கையில் வைத்திருப்பது என்று நமது உயர் நீதிமன்றம் கூறியது. 2008இல் பத்தரமுல்லை வோட்டர்ஸ் எட்ஜ் வழக்கில், பொதுத்தேவைக்கென்று எடுத்த காணியைக் கொல்ஃப் மைதானத்துக்குக் கைமாற்றியது செல்லாதென்று அதே மன்றம் தீர்த்து, முன்னாள் சனாதிபதி ஒருவரையே 30 இலட்சம் ரூபா செலுத்தப் பணித்தது. அங்கே மோட்டார், இங்கே கொல்ஃப். சீமான்களின் விளையாட்டுப் பொதுத்தேவை ஆகாதென்று சொல்ல இந்நாட்டு நீதிபதிகளுக்கும் இயன்றது.

கொழும்புக்கு அருகே இயன்றது வடக்கிலே ஏன் இயலவில்லை? 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் வீடுவாசலை விட்டு ஓடினர். 23 ஆண்டுகள் கழித்து, 2013 ஏப்பிரலில், 6,381 ஏக்கர் காணி பாதுகாப்புப் பொதுத்தேவைக்கு வேண்டுமென்று அறிவித்தல் ஒட்டினார்கள். உரிமையாளரைக் காணவில்லை என்றும் அதிலே எழுதினார்கள். உரிமையாளர் உறுதியும் கையுமாக முகாம்களில் நின்றார்கள். பாதுகாப்பென்று வளைத்த கடற்கரையில், காங்கேசன்துறையில், இராணுவம் உல்லாச விடுதி நடத்தியது. விருந்தினர் கடற்குளித்த கரையிலிருந்து சொற்ப தூரத்திலே, பூட்டிய வேலிக்குள் நமது செம்மண் தோட்டங்கள் காடேறிக் கிடந்தன.

ஆதலால் நான் இந்த அவைக்கு முன் வைக்கும் கோரிக்கை இது. 39அ பிரிவு திருத்தப்பட வேண்டும். எடுத்த காரணம் ஒழிந்தால், அல்லது மாறினால், அந்தக் காணியின் கதியைத் தீர்மானிக்குமுன் பழைய உரித்தாளியை அழைத்துக் கேட்பது அமைச்சரின் தயவாக அன்றிக் கடமையாக எழுதப்பட வேண்டும். அபிவிருத்தி செய்துவிட்டோம் என்ற சாட்டு, அந்த அபிவிருத்தி எடுத்த நோக்கத்துக்கானதா என்று விசாரிக்கப்பட்ட பின்னரே ஏற்கப்பட வேண்டும். நமது பாராளுமன்ற உறுப்பினர்கள் கட்சிபேதமின்றி இதனைத் தனிநபர் மசோதாவாகவேனும் கொண்டுவரலாம். அதை வரைவதற்கு இங்கே போதிய சட்டத்தரணிகள் இருக்கிறார்கள்; கூலி கேட்கமாட்டார்கள் என்றும் நம்புகிறேன்.

கமக்காரருக்கு ஒரு வார்த்தை. காணி எடுப்பதற்கான அறிவித்தல் வேலியிலோ மரத்திலோ ஒட்டப்பட்டால், கிழித்தெறிந்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். 4ஆம் பிரிவின்படி ஆட்சேபத்துக்குக் கொடுக்கப்படும் தவணை 14 நாட்களுக்குக் குறையக்கூடாது. குறையாதென்று மட்டுமே சட்டம் சொல்கிறது, கூடுமென்று சொல்லவில்லை. அறிவித்தலைப் பிரதி செய்து, திகதியைக் குறித்து, தோம்பையும் உறுதியையும் எடுத்துக்கொண்டு மறுநாளே ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். பிதிர்வழிக் காணியை எழுதாமலே ஆண்டு வருபவர்கள் இந்த மாரிக்கு முன்னராவது நொத்தாரிசிடம் போய் எழுதிக்கொள்ளுங்கள். அதுபற்றிச் சந்தேகமுள்ளவர்கள் இப்போதே கேட்கலாம்.