மைசூரும் ஐரோப்பிய அறை இசையும்

ஐரோப்பிய சங்கீதம் என்றவுடன் பாக், மோசார்ட், பீதோவன் என்னும் பெயர்களே நம்மில் பலருக்கு நினைவில் எழுகின்றன. இவர்கள் பெருமலைகள். ஆயினும் மலைகளை மட்டும் அறிந்தவன் நாட்டை அறிந்தவன் ஆகமாட்டான். இருபதாம் நூற்றாண்டில், பெரும்புகழ் எய்தாத இசையமைப்பாளர் பலர், சிறு குழுவினருக்கென இயற்றிய இசையைப் பற்றியும், அதில் நம் மைசூருக்கு உள்ள பங்கைப் பற்றியும் இன்று சிறிது சிந்திப்போம்.

பியானோ நால்வர் இசை என்பது பியானோ, வயலின், வியோலா, செல்லோ ஆகிய நான்கு வாத்தியங்களுக்காக அமைந்தது. இன்னொரு வயலின் சேர்ந்தால் அது ஐவர் இசையாகும். இவற்றை அரங்கத்தைக் காட்டிலும் அறைக்கு உரியவையாகவே கருதினர். எனவே அறை இசை என்று வழங்குவர். நம் கச்சேரியில் பாடுபவர் தலைமை வகிக்க, பக்கவாத்தியக்காரர்கள் அவரைப் பின்பற்றுகின்றனர். அறை இசையிலோ நால்வரும் சம உரிமை உடையவர்கள். ஒருவர் கூறிய கருத்தை மற்றொருவர் ஏற்பார்; வேறொருவர் மறுப்பார். நல்ல நண்பர்களின் உரையாடல் போன்றது அது.

இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. பியானோவின் ஒலி சுத்தியலால் தந்தியைத் தட்டுவதால் பிறப்பது. பிறந்த கணத்திலிருந்தே தேயத் தொடங்குவது. வில்லினால் இழுக்கப்படும் தந்தியோ, ஒலியை விரும்பிய அளவு நீட்டவும் வளர்க்கவும் வல்லது. வீணையும் வயலினும் சேர்ந்து ஒலிக்கக் கேட்டவர்கள் இவ்வேற்றுமையை எளிதில் உணர்வர். தேயும் ஒலியையும் வளரும் ஒலியையும் ஒன்றையொன்று விழுங்காமல் இணைப்பதே இசையமைப்பாளரின் திறமை.

இத்துறையில் உழைத்தவர் பலர். ஆங்கிலேயரான பிராங்க் பிரிட்ஜ் 1910-ல் ஒரே தொடராக ஓடும் நால்வர் இசை ஒன்றை இயற்றினார். அதை எழுதச் சொல்லித் தூண்டியவர் கோபெட் என்னும் வணிகர். ஹெர்பர்ட் ஹவல்ஸ் 1916-ல் இயற்றிய படைப்பைத் தம் ஊரருகே உள்ள ஒரு குன்றுக்கும், அதை அறிந்த நண்பருக்கும் காணிக்கை ஆக்கினார். சாமுண்டி மலையடியில் வாழும் மக்களுக்கு இவ்வுணர்ச்சி விளங்காமற் போகாது. ஸ்பெயின் நாட்டு டுரீனாவின் படைப்பு 1931-ல் தோன்றியது. செக் நாட்டவரான மார்ட்டினு, போரினால் ஐரோப்பாவை விட்டு அமெரிக்காவில் அடைக்கலம் புகுந்து, 1942-ல் தம் நால்வர் இசையை எழுதினார்.

இனி மைசூருக்கு வருவோம். நிக்கோலாய் மெட்னர் 1880-ல் மாஸ்கோவில் பிறந்தவர். 1921-ல் ருஷியாவை விட்டு வெளியேறி, பின்னர் லண்டனில் வாழ்ந்தார். புதுமை வேட்கை மிகுந்த காலத்தில் பழைய மரபைக் கைவிடாதவர். ஆதலால் கவனிப்பாரற்றுப் போனார். முதுமையும் நோயும் வந்தடைந்தன. அந்நிலையில் அவருக்குக் கைகொடுத்தவர் மைசூர் மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார் ஆவார். இளமையில் பியானோக் கலைஞராக விளங்க விரும்பிய அவரை, 1940-ல் அரியணை அழைத்துக்கொண்டது. அவருடைய பொருளுதவியால் லண்டனில் மெட்னர் சங்கம் நிறுவப்பட்டது. மெட்னர் தாமே வாசிக்க, அவர் படைப்புகள் இசைத்தட்டுகளில் பதிவாயின. தம் மூன்றாம் பியானோ கான்செர்ட்டோவை மெட்னர் மகாராஜாவுக்கே காணிக்கை ஆக்கினார்.

அப்பதிவுகளுள் ஒன்று அவருடைய பியானோ ஐவர் இசை. இளமையில் தொடங்கிய இதனை அவர் முடிக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1949-ல் ஏயோலியன் நால்வர் குழுவினரோடு அமர்ந்து தாமே பியானோ வாசித்தார். இறுதித் தீர்ப்பைப் பாடும் பழைய இலத்தீன் கீதத்தின் நிழல் முதற்பகுதியில் படிகிறது. முடிவிலோ இசை ஒளியை நோக்கித் திரும்புகிறது. ஒரு பக்கத்துக்கு நான்கு நிமிடங்களே கொள்ளும் அக்காலத் தட்டுகளில், ஒரு மனிதரின் ஆயுட்கால உழைப்பு பல துண்டுகளாகப் பதிவாயிற்று. 1951 நவம்பரில் மெட்னர் காலமானார். அவருடைய படைப்புகள் பல பதிவாகாமலே நின்றுவிட்டன.

அயல்நாட்டு இசைக்கு நம் நாட்டுப் பொருள் செல்லலாமா என்று சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. அதே மகாராஜா அதே ஆண்டுகளில் ஸ்ரீவித்யா என்னும் முத்திரையுடன் 94 கீர்த்தனைகளை இயற்றினார் என்பதை நாம் மறக்கலாகாது. வாசுதேவாச்சாரியாரையும், தமிழகத்து ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரையும் போற்றிய அவை அது. தன் வீட்டு விளக்கை அணைத்துவிட்டு அயல் வீட்டில் தீபம் ஏற்றியதாக யாரும் கூற இயலாது. எனினும் அவ்வினாவில் ஓர் உண்மை எஞ்சி நிற்கிறது. ஒருவரின் விருப்பத்தையும் ஒருவரின் கருவூலத்தையும் நம்பிய கலை, அக்கருவூலத்தோடு தானும் சுருங்கிவிடும். சமஸ்தானங்கள் மறைந்தன; கோபெட் போன்ற வணிகர்களும் அரியர். எனவே புகழ் பெறாத இசைக்கு இனிப் புரவலர் யார்?

கேட்பவரே புரவலர் என்பது நம் எண்ணம். 1935-ல் மைசூரில் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி தம் இல்லத்தில் நிறுவிய வானொலி நிலையமே ஆகாசவாணி என்னும் பெயரைப் பூண்டது. பிற்காலத்தில் அப்பெயர் நாடு முழுவதற்கும் உரியதாயிற்று. அரசவையில் சிலருக்கே கிட்டிய இசையை ராமாபுரத்து வீடு ஒன்றிலும் கேட்கலாம் என்ற நிலையை வானொலி உண்டாக்கியது. அவ்வூரில் வாழ்ந்து, மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் ஒன்று அறிவோம்: சொற்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும், இச்சங்கீதத்துக்கோ பொறுமையுள்ள செவி ஒன்றே போதும்.

அதற்கு ஓர் எளிய வழி கூறி முடிப்போம். இத்தகைய இசையை ஒரே நாளில் இருமுறை கேளுங்கள். முதன்முறை பியானோவை மட்டும் பின்தொடருங்கள். மறுமுறை வயலினுக்கும் செல்லோவுக்கும் இடையே அடக்கமாக ஒலிக்கும் வியோலாவைத் தேடிப் பிடியுங்கள். யாரும் கவனியாத குரலைக் கவனிக்கப் பழகிய செவிக்கு, யாரும் கவனியாத இசையமைப்பாளரும் அயலாராகத் தோன்றமாட்டார்.