காரின் கூரைக் கண்ணாடியும் மழைநீரும்



இன்றைய பேச்சில் நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், காரின் கூரையில் பொருத்தப்படும் கண்ணாடி. பட்டறைகளிலும் கார்க் கடைகளிலும் 'சன்ரூஃப்' என்று சொல்கிறார்களே, அதுதான். அது உடைந்தால் எப்படி மாற்றுவது, அதன் வழியாக மழைநீர் காருக்குள் இறங்காமல் எப்படிக் காப்பது என்னும் இரண்டையும் பார்ப்போம்.

"கூரையில் கண்ணாடி வைத்த காருக்கும் தோட்டத்துக் குடும்பங்களுக்கும் என்ன தொடர்பு?" என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு காலத்தில் அந்தக் கேள்வி பொருத்தமானதே. இன்று நிலைமை வேறு. நம் பிள்ளைகள் ஆயர் கெரோ, பத்து பெரண்டாம், செங் தொழிற்பேட்டைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். அலோர் காஜாவை அடுத்த பெகோவில் கார் தொழிற்சாலையே இருக்கிறது. சம்பாதிக்கத் தொடங்கிய பிள்ளை முதலில் ஒரு பழைய காரைத்தான் வாங்குகிறான். 2018-ஆம் ஆண்டு இறுதியில் வந்த புரோட்டோன் எக்ஸ் 70, 2020-இல் வந்த எக்ஸ் 50 ஆகியவற்றின் உயர்ந்த வகைகளில் அகலமான கூரைக் கண்ணாடி உண்டு. அவையெல்லாம் இப்போது பழைய கார்க் கடைகளுக்கும் வந்துவிட்டன. பளபளக்கும் கண்ணாடியைப் பார்த்துத் தவணைக் கடனில் கையெழுத்துப் போடுகிறோம். ஆனால் அந்தக் கண்ணாடியைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதை யாரும் நமக்குச் சொல்வதில்லை. முதல் பெருமழையில் காருக்குள் தண்ணீர் நிற்கும்போதுதான் கண் திறக்கிறது.

கூரைக் கண்ணாடி குளிர்நாட்டாரின் ஆசையில் பிறந்தது. அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் 1937-ஆம் ஆண்டிலேயே திறக்கும் கூரையுள்ள காரை விற்றது. ஆண்டில் பாதி நாள் வெயிலுக்கு ஏங்கும் மக்களுக்கு அது ஒரு வரம். நமக்கோ வெயிலுக்குப் பஞ்சமில்லை, மழைக்கும் பஞ்சமில்லை. மலாக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை ஒரு மணி நேரத்தில் வாசலைக் குளமாக்கிவிடும். நீரிணைக்கு அப்பாலிருந்து விடியற்காலையில் வரும் சுமத்ராக் காற்று மழையை வேகத்தோடு அடிக்கும். இந்த மழையைத் தாங்கும்படி கூரைக் கண்ணாடியை வைத்திருப்பது உரியவரின் பொறுப்பு.

இனி, அது எப்படி அமைந்திருக்கிறது என்று பார்ப்போம். பலர் நினைப்பது இதுதான்: கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் மழைநீரை முழுவதும் தடுத்து நிறுத்துகிறது, ஒழுகினால் ரப்பர் கெட்டுவிட்டது என்று பொருள். இது தவறான எண்ணம். திறந்து மூடும் கண்ணாடியின் ரப்பர் பெரும்பகுதி நீரைத்தான் தடுக்கும். கொஞ்சம் நீர் எப்போதும் கசிந்து கீழே இறங்கும். அப்படி இறங்கும் என்று தெரிந்தேதான் காரைச் செய்தவர்கள் கண்ணாடியின் விளிம்புக்குக் கீழே ஒரு வாய்க்கால் வைத்திருக்கிறார்கள். அதன் மூலைகளில் சிறு துளைகள் இருக்கும். பொதுவாக முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. ஒவ்வொரு துளையிலிருந்தும் சுண்டுவிரலைவிடச் சிறிய குழாய் ஒன்று, காரின் தூண்களுக்குள்ளே ஒளிந்து கீழே இறங்கி, சக்கரங்களுக்கு அருகில் நீரை வெளியே விட்டுவிடும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளங்கவைக்க வேறு உதாரணம் தேவையில்லை. மழைநீர் போக மேட்டுக் காட்டில் கால்வாய் வெட்டுகிறோம். கால்வாய் தூர்ந்துபோனால் நீர் பாதையை உடைத்துக்கொண்டு போகும். அப்போது பாதைக்குச் சிமெந்து பூசினால் பயனுண்டா? கால்வாயைத் தூர் வாருவதல்லவா முறை! காரின் கூரையும் அப்படியே. ஒழுகும் கூரைக் கண்ணாடிகளில் பெரும்பாலானவற்றில் குற்றம் நீர் உள்ளே வந்ததில் இல்லை. வந்த நீர் வெளியே போக வழியில்லாததில்தான் இருக்கிறது.

அந்த வழியை எது அடைக்கிறது? தூசியும், இலையும், பூவிதழும்தான். ரப்பர் மரம் ஆண்டுத் தொடக்கத்தில் இலை கொட்டும். பின்பு தளிர்விட்டுச் சிறு சிறு பூக்களை உதிர்க்கும். நகரத்துச் சாலையோரத்து அங்சானா மரமும் மஞ்சள் இதழ்களைக் கொட்டும். நிழலுக்காக மரத்தடியில் நிறுத்தும் காரின் வாய்க்காலில் இவை சேர்ந்து, ஈரத்தில் மக்கி, சேறாகிக் குழாயின் வாயை அடைத்துக்கொள்ளும்.

அடைப்பின் அறிகுறிகளைத் தெரிந்துகொள்வோம். மழை விட்ட மறுநாள் காருக்குள் புழுங்கல் நாற்றம் வரும். கால்மிதிக்குக் கீழேயுள்ள விரிப்பு ஈரமாக இருக்கும். கூரைத் துணியில் பழுப்புக் கறை தோன்றும். வளைவில் திரும்பும்போதும் பிரேக் போடும்போதும் உள்விளக்கின் ஓரமாகத் தண்ணீர் சொட்டும். இவற்றை அலட்சியப்படுத்தினால் இழப்பு பெரிது. இன்றைய கார்களில் விரிப்புக்கு அடியிலும் இருக்கைக்குக் கீழேயும் மின்கம்பிகளும் கருவிப் பெட்டிகளும் இருக்கின்றன. அவை நீரில் ஊறித் துருப்பிடித்தால், குழாயைத் துப்புரவாக்க வேண்டிய சிறு வேலை, ஒரு மாதச் சம்பளத்தையும் மிஞ்சும் செலவாகிவிடலாம்.

ஆனால் ஈரமெல்லாம் கூரையிலிருந்து வந்ததென்று முடிவு கட்டிவிடக்கூடாது. மழையே இல்லாத நாளிலும் முன்பயணியின் கால்மாட்டில் தெளிந்த நீர் நின்றால், குளிர்சாதனத்தின் கழிவுநீர்க் குழாய் அடைத்திருக்கலாம். முன் கண்ணாடியின் பசையோ கதவின் உட்தாளோ பழுதாகியிருக்கவும் கூடும். ஆகவே முதலில் சோதனை செய்ய வேண்டும்.

சோதனை எளிது. காரைச் சமதரையில் நிறுத்திக் கூரைக் கண்ணாடியைத் திறந்துகொள்ளுங்கள். வாய்க்காலில் உள்ள குப்பையை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பிறகு ஒரு குவளை நீரை ஒரு மூலையில் மெதுவாக ஊற்றுங்கள். ஒருவர் ஊற்ற, மற்றொருவர் கீழே பார்க்கட்டும். சிறிது நேரத்தில் அந்தப் பக்கத்துச் சக்கரத்தின் அருகே நீர் ஒழுகினால் குழாய் நன்றாயிருக்கிறது. வாய்க்காலிலேயே நீர் தேங்கினால் அடைப்பு இருக்கிறது. உள்ளே சொட்டினால் குழாய் கழன்றோ கிழிந்தோ இருக்கிறது. நான்கு மூலைகளிலும் தனித்தனியே பாருங்கள்.

அடைப்பை எடுக்க இரும்புக் கம்பியை விடாதீர்கள். அது குழாயைக் குத்திக் கிழித்துவிடும். புல்வெட்டும் இயந்திரத்தில் போடுகிறோமே, அந்த நைலான் கயிறு போதும். அதன் நுனியைத் தீயில் இலேசாகக் காட்டி மழுங்கச் செய்து, மெதுவாகத் திருகித் திருகி உள்ளே விடலாம். டயர்க் கடையில் காற்றடிக்கும் குழாயை வைத்து வேகமாக அடிப்பதும் ஆபத்து. உள்ளே இருக்கும் இணைப்பு கழன்றுவிட்டால், பிறகு கூரைத் துணியையே இறக்க வேண்டியிருக்கும். குழாய் தூணுக்குள் கழன்றுவிட்டதென்று தெரிந்தால் அதைப் பட்டறைக்காரரிடம் விட்டுவிடுங்கள். பல கார்களில் விபத்தின்போது விரியும் காற்றுப்பை அந்த இடத்தில்தான் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் எச்சரிக்கை. ஒழுகும் கண்ணாடியைச் சுற்றிச் சிலிக்கோன் பசையைப் பூசி அடைத்துவிடுவது சிலரின் வழக்கம். சில நாள் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். ஆனால் குழாயின் அடைப்பு அப்படியே இருக்கும். நீர் வேறு சந்தைத் தேடும். கண்ணாடியும் திறக்க முடியாமல் ஒட்டிக்கொள்ளும். பின்னர் முறையாகச் சரிசெய்ய வரும்போது, அந்தப் பசையைச் சுரண்டுவதற்கே தனிக் கூலி கொடுக்க வேண்டிவரும்.

ரப்பரைப் பற்றியும் ஒரு சொல். 1896-ஆம் ஆண்டு டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. மலாயாவில் வாணிபத்துக்காக ரப்பர் வளர்க்கப்பட்ட முதல் இடங்களில் ஒன்று நம் மலாக்கா மண். நம் முன்னோர் பால் வெட்டிய அந்த ரப்பர் இன்றும் டயர்களுக்குப் போகிறது. கூரைக் கண்ணாடியின் விளிம்பிலோ பெரும்பாலும் செயற்கை ரப்பரே இருக்கிறது. மரத்துப் பாலிலிருந்து வந்த ரப்பர் வெயிலிலும், காற்றிலுள்ள ஓசோன் வாயுவாலும் வெடித்துப்போகும். இந்தச் செயற்கை ரப்பர் அவற்றைத் தாங்கும். ஆனால் மண்ணெண்ணெய், பெட்ரோல், இயந்திர எண்ணெய் ஆகியவை பட்டால் ஊதிக் கெட்டுவிடும். எனவே மிதமான சவர்க்காரத் தண்ணீரில் துடைத்து உலரவிட்டு, ரப்பருக்கென்று விற்கும் சிலிக்கோன் மசகை மெல்லியதாகத் தடவினால் போதும். மசகு வேறு, ஒட்டும் பசை வேறு என்பதை நினைவில் வைப்போம்.

இனி, கண்ணாடி உடைந்தால் என்ன செய்வது? காற்றில் முறிந்து விழும் கிளை, மேலிருந்து விழும் டுரியான், லாரியிலிருந்து தெறிக்கும் கல் ஆகிய எதுவும் அதை உடைக்கலாம். பல கூரைக் கண்ணாடிகள் பதப்படுத்திய கண்ணாடிகள். கண்ணாடியை 600 டிகிரிக்கும் மேலாகச் சூடேற்றிச் சட்டென்று காற்றால் குளிர்வித்துச் செய்வார்கள். அதனால் அது சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு வலிமை பெறுகிறது. ஆனால் உடையும்போது முழுவதும் ஒரே நேரத்தில் சிறு துண்டுகளாகச் சிதறும். வேறு சில கார்களில் முன் கண்ணாடியைப்போல இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு படலம் வைத்து ஒட்டியிருப்பார்கள்; அது விரிசல் விட்டாலும் எளிதில் கொட்டாது.

ஓடும்போது உடைந்தால் பதற்றமில்லாமல் வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்துங்கள். உள்ளே நிழல்தட்டி இருந்து, துண்டுகள் அதன்மேல் விழுந்திருந்தால் அதைத் திறக்காதீர்கள். திறந்தால் துண்டுகள் தலையில் கொட்டும். கண்ணாடியைத் திறந்து மூடிப் பார்க்கவும் வேண்டாம். துண்டுகள் தண்டவாளத்தில் சிக்கி இயந்திரத்தைக் கெடுத்துவிடும். படமெடுத்துக்கொண்டு, கனமான பிளாஸ்டிக் விரிப்பால் வெளிப்புறம் மூடி ஒட்டிவிட்டு, மெதுவாகப் பட்டறைக்குப் போகலாம்.

புதிய கண்ணாடியைத் தேடும்போது காரின் அடிச்சட்ட எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். ஒரே பெயருள்ள காரிலும் ஆண்டுக்கு ஆண்டு வளைவு மாறும். பழைய உதிரிப்பொருள் கடையில் வாங்கினால், விளிம்பு ரப்பரில் வெடிப்பு உண்டா என்று விரலால் தடவிப் பாருங்கள். பொருத்துமுன் தண்டவாளத்தையும் வாய்க்காலையும் உறிஞ்சும் இயந்திரத்தால் துப்புரவாக்கச் சொல்லுங்கள். பழைய கண்ணாடியின் ஒரு துணுக்கு குழாயில் தங்கினால்கூட அடுத்த மழையில் ஒழுகும். திறக்கும் கண்ணாடியைத் திருகாணிகளால் பொருத்துவார்கள். அது கூரையோடு சமமாக உட்கார வேண்டும். உயர்ந்தால் காற்று இரையும். தாழ்ந்தால் நீர் மிகுதியாக இறங்கும். திறக்காத அகலக் கண்ணாடியைப் பசை வைத்து ஒட்டுவார்கள். பசை இறுகப் பட்டறைக்காரர் எவ்வளவு நேரம் சொல்கிறாரோ அவ்வளவு நேரம் காரை ஓட்டவோ கழுவவோ கூடாது. வேலை முடிந்ததும், பணம் கொடுக்குமுன், நாம் சொன்ன குவளைத் தண்ணீர்ச் சோதனையை உங்கள் கண்ணெதிரில் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

செலவைப் பற்றியும் பேச வேண்டும். காப்புறுதி புதுப்பிக்கும்போது கண்ணாடிக்கென்று தனிப் பாதுகாப்பு சேர்க்கலாம். நம் நாட்டில் இதன் கட்டணம் பெரும்பாலும் நாம் குறிக்கும் தொகையில் 15 விழுக்காடு. 2000 வெள்ளிக்குப் பாதுகாப்பு வேண்டுமானால் ஏறத்தாழ 300 வெள்ளி. முன் கண்ணாடியின் விலையை மட்டும் கணக்கிட்டால் கூரைக் கண்ணாடி உடையும்போது தொகை போதாமல் போகலாம். ஆகவே கூரைக் கண்ணாடியும் சேர்ந்திருக்கிறதா என்று முகவரிடம் கேட்டு, பத்திரத்திலும் பாருங்கள். இந்தப் பாதுகாப்பின்கீழ் கண்ணாடிக்கு மட்டும் இழப்பீடு கோரினால், கோரிக்கையில்லாக் கழிவு குறைவதில்லை. சொந்தக் கார் வைத்திருப்போர் ஆண்டாண்டாகச் சேர்த்து 55 விழுக்காடு வரை பெறும் கழிவல்லவா அது!

பழைய கார் வாங்கப் போகிறவர்கள், விலை பேசுமுன் கால்விரிப்பின் ஓரத்தைத் தூக்கித் தொட்டுப் பாருங்கள். கூரைத் துணியில் கறை உண்டா, கண்ணாடியைச் சுற்றிப் பசை பூசிய தடம் உண்டா என்று கவனியுங்கள். விற்பவர் மறுக்காவிட்டால் ஒரு குவளை நீரையும் ஊற்றிப் பாருங்கள். அந்த ஐந்து நிமிடம் பல ஆண்டுத் தவணையைக் காப்பாற்றும்.

இறுதியாக, பிள்ளைகளைப் பற்றி. கார் ஓடும்போது கூரை வழியாகத் தலையை நீட்டி நிற்பது சில பிள்ளைகளுக்கு விளையாட்டாக இருக்கிறது. திடீரென்று பிரேக் போட்டால் அந்தப் பிள்ளையைப் பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை. பின் இருக்கையிலும் வார் அணிய வேண்டும் என்பது 2009-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுச் சட்டம். சிறு குழந்தைகளுக்குத் தனி இருக்கை 2020 முதல் கட்டாயம். காரின் கூரை வெளிச்சத்துக்குத் திறக்கட்டும்; நம் பிள்ளைகள் இருக்கையில் அமர்ந்து வரட்டும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாய்க்காலைத் துடைப்போம். ஒரு குவளை நீரூற்றிப் பார்ப்போம். மரம் இலை கொட்டி முடித்ததும் ஒருமுறை, ஆண்டிறுதி மழைக்கு முன் ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் மறக்காது. நீர் போகும் வழியைத் திறந்து வைத்தால், அது தானே வெளியேறிவிடும்.