பாவித்த கார்



இங்கிலாந்தில் பாவித்த கார் வாங்கினால், எம்.ஓ.டி. சான்றிதழ் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். அது சோதித்த நாளின் நிலையை மட்டுமே சொல்லும்.

20 பென்ஸ் நாணயத்தை ரயரின் பள்ளத்தில் நிறுத்துங்கள். பிள்ளைகளே, அப்பாவோடு நின்று நீங்களும் பாருங்கள். நாணயத்தின் வெளிவளையம் தெரிந்தால் ரயரை உடனே சோதிக்கக் கொடுங்கள். சட்டம் கேட்பது 1.6 மில்லிமீற்றர். அந்தப் பள்ளம்தான் மழைநீரை வெளியே தள்ளி, ரயரைத் தெருவில் பிடித்து வைக்கிறது.

கண்ணாடியில் கோடு விழுத்தும் வைப்பரை வீட்டிலேயே மாற்றலாம். ஒருவர் பிறேக்கை மிதிக்க, மற்றவர் பின்னால் விளக்கைப் பாருங்கள். ஆனால் பிறேக் மிதி மெத்தென்று இறங்கினால் நீங்கள் கை வைக்காதீர்கள், ஓட்டவும் வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்கே கூப்பிடுங்கள். காசு மிச்சம் பிடிக்கும் இடம் அதுவல்ல. பின் இருக்கையில் இருப்பவர்கள் நம் பிள்ளைகள்.