உறுதி யார் பெயரில்?

(எமது சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முகநூல் மாதிரி, ஆனால் எங்கட ஆக்களுக்கு மட்டுமான ஒரு இணையத்தளத்தை, ஒரு மென்பொருளாளரைப் பிடித்துச் செய்விப்போம் என்ற பிரேரணை சபை முன் இருக்கிறது. யோசனை நல்லது. மற்றவன் வளவில் கொட்டில் போட்டால் அவன் எழும்பச் சொல்லும்போது எழும்பத்தான் வேணும். ஓர்குட் 2014 செப்ரெம்பர் 30இல் பூட்டப்பட்டது. கூகிள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது. யாகூ குழுமங்கள் 2020 டிசெம்பரில் நின்றன. நேரத்துக்கு இறக்கி எடுக்காதவர்களின் படங்களும் கடிதங்களும் அதோடு போனதுதான்.

ஆனால் சொந்த வளவு எண்டு சொல்லிக்கொண்டு, உறுதியை மேசன் பெயரில் எழுதிவிடக் கூடாது. அதைச் சொல்லத்தான் எழும்பினேன்.

யேர்மன் சட்டப்படி ஒரு மென்பொருளின் பதிப்புரிமை எழுதியவரிடமே இருக்கும். அதை அவர் விற்கவும் முடியாது. பாவிக்கிற உரிமையைத்தான் தரலாம். ஆகவே, நாங்கள் மட்டும் பாவிக்கலாம், மாற்றலாம், வேறொருவரைக் கொண்டும் திருத்தலாம் என்று ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். மூலநிரல் முழுவதும் எங்கள் கையில் வர வேண்டும். நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஒரு மெசின் இறங்கினால், திருத்துகிற புத்தகம் வந்திருக்கோ எண்டுதான் முதல் கேள்வி. இணைய முகவரியைச் சங்கத்தின் பெயரில் பதிய வேண்டும். மென்பொருளாளரின் பெயரிலோ, யாரோ ஒருவரின் மருமகன் பெயரிலோ அல்ல. (சிரிக்காதேங்கோ, நடக்கிற காரியம்தான்.) காசையும் வேலை முடிய முடியக் கட்டம் கட்டமாகக் கொடுப்போம்.

அடுத்தது, அத்திவாரத்திலிருந்து கட்டத்தான் வேணுமா? கடவுச்சொல், படம் ஏற்றுதல், தொல்லை தருபவரைத் தடுத்தல் எல்லாம் ஏற்கெனவே செய்யப்பட்டு, இலவசமாகக் கிடைக்கின்றன. ஹம்ஹப் இருக்கிறது. 2016இல் ஒய்கன் ரொக்கோ என்ற இளைஞர் இங்கே யேர்மனியில் தொடங்கிய மாஸ்டடோன் இருக்கிறது. அவற்றின் மூலநிரல் எல்லாருக்கும் திறந்தது. எனது அபிப்பிராயம், மென்பொருளாளரை அதை எங்களுக்கு ஏற்றபடி பொருத்தவும் பராமரிக்கவும் பிடிப்பதுதான் புத்தி. கட்டி முடித்த நாளோடு செலவு முடியாது. சேவர் வாடகையும் பாதுகாப்புத் திருத்தங்களும் தொடர்ந்து வரும்.

பொருத்த வேண்டியது எங்கட தமிழ். பாமினியில் அடித்த பழைய மலர்களை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். அவற்றை யூனிகோட்டுக்கு மாற்றித்தான் ஏற்ற வேண்டும். "குடும்பப் பெயர்" கட்டாயம் என்ற படிவமும் எங்களுக்குச் சரிவராது. தகப்பன் பெயரை அதில் போட்டு, ஒரு வீட்டில் மூன்று குடும்பப் பெயரோடு அலுவலகங்களில் நாங்கள் பட்ட பாடு காணும்.

இனித்தான் எனக்குப் பயமான இடம். எங்களில் அகதி வழக்கு முடியாத ஆக்கள் இருக்கினம். ஊரில் தாய் தகப்பன் இருக்கினம். ஒரு படம், ஒரு ஊர்ப் பெயர், "மாமா இப்ப இஞ்சைதான்" என்ற ஒரு வரி, பிழையான கைக்குப் போனால் பாதிக்கப்படுவது படத்தில் இல்லாதவராகவும் இருக்கலாம். 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, அங்கத்தவருக்கு ஆபத்தாகக்கூடிய விபரம் கசிந்தது தெரிந்தால் 72 மணித்தியாலத்துக்குள் அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டியது சங்கம்தான், மென்பொருளாளர் அல்ல. ஆகவே ஊர், தகப்பன் பெயர், வழக்கு நிலை எதையும் கேட்கவே வேண்டாம். கூப்பிடும் பெயரும் ஒரு மின்னஞ்சலும் போதும். புதிதாகச் சேருபவரை இரண்டு அங்கத்தவர்கள் தெரியும் என்று சொல்லட்டும். சேவரின் திறப்பு நிர்வாகசபையில் இரண்டு பேரிடம் இருக்கட்டும்.

எனது திருத்தப் பிரேரணை இதுதான்: ஹம்ஹப்பை முப்பது குடும்பங்களோடு மூன்று மாதம் ஓட்டிப் பார்ப்போம். ஆச்சிமார் அதில் தமிழில் எழுதுகிறார்களா, பிள்ளையள் எட்டிப் பார்க்கிறார்களா எண்டு தெரிந்த பிறகு பெரிய காசுக்கு வாக்கெடுப்பு வைப்போம். வழிமொழிய ஒருவரைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.